முட்டைப் பெட்டிக்குள் இரண்டு காயில்

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வல்லத்திராக்கோட்டையில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது, என்னை யாரும் வா என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா குஞ்சு பொரிக்கும் தெர்மோகோல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவளுடைய நாட்டுக்கோழிகள் இட்ட முட்டைகள். முப்பத்தேழரை டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்துநாலு காட்டியது. பொழுது சாயும்வரை இப்படியே இருந்தால் குஞ்செல்லாம் உள்ளேயே செத்துவிடும் என்றாள்.

பெட்டியைச் செய்தவர் அக்காவின் கணவர், என் மச்சான். திருவிழாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல்பு கோத்து சீரியல் செட் போடுவதில் ஊரில் அவரை அடிக்க ஆளில்லை. மழைக்குளிருக்காக, பெட்டியில் இருந்த நூறு வாட் ஹீட்டர் காயிலோடு அதே மாதிரி இன்னொன்றையும் அன்று காலையில் மாட்டியிருந்தார்.

"ஒண்ணு இருந்தப்ப முப்பத்தாறு டிகிரியாவது இருந்துச்சு. ரெண்டாக்குனதும் அதுவும் போச்சு" என்றாள் அக்கா.

"மழை அப்படி. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"மழை வெளியில பெய்யுதா, பெட்டிக்குள்ள பெய்யுதா மச்சான்?" என்றேன்.

"வந்துட்டாங்கய்யா எங்க கொழுந்தியா. ஒங்க எலக்ட்ரிகல் டிப்ளமோவ எடுத்து வெளிய வைங்க, பாப்போம்."

எனக்கு எதையும் வரிசையாகத்தான் யோசிக்க வரும். மூடி இறுக்கமாக இருந்தது. தெர்மோஸ்டாட் கரண்டைத் துண்டிக்கவில்லை. காயில் இரண்டிலுமே லேசான சூடு இருந்தது. மிச்சம் கரண்ட்தான். என் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். வோல்டேஜ் 230, குறையில்லை. மெயினை அணைத்து, மீட்டரை வயரின் நடுவில் சேர்த்து மறுபடி போட்டேன். 0.22 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினேன்.

"மச்சான், இருநூறு வாட் ஓட வேண்டிய எடத்துல அம்பதுதான் ஓடுது."

"ஒங்க மீட்டர்ல பேட்டரி போயிருக்கும்."

வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தேன். ஆயிரத்து நாற்பது ஓம் சொச்சம். நூறு வாட் காயில் ஒன்றுக்கு ஐந்நூற்றுச் சொச்சம்தான் இருக்க வேண்டும். அப்படியானால் இரண்டின் தடையும் கூடியிருக்கிறது. வயரைப் பின்தொடர்ந்து பார்த்தேன். முதல் காயிலின் வால் இரண்டாவதின் தலையில் முடிந்திருந்தது.

"கோயிலுக்குக் கட்டுற மாதிரியே கட்டி வச்சிருக்கீங்க. அதே கரண்ட் ரெண்டையும் தாண்டிப் போகணும்ல? பாதியாயிருச்சு. ஒத்தக் காயில் குடுத்த சூட்டுல பாதிதான் இப்ப ரெண்டும் சேந்து குடுக்குது."

"ஏங்க, நீங்க சாமிக்குப் போடுறத எங்கோழிக்குமா போட்டீங்க?" என்றாள் அக்கா.

மச்சான் ஓடிப்போய் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்தார். மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு காயிலும் நேராக மெயினிலிருந்தே எடுக்கும்படி மாற்றினோம். இப்போது 0.87 ஆம்பியர், இருநூறு வாட். தெர்மாமீட்டர் மெல்ல ஏறத் தொடங்கியது.

"நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் மச்சான்.

அக்கா எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. சூடு சரியான இடத்துக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்தி, ஒரு முட்டையை எடுத்து அடியில் டார்ச்சை வைத்துப் பார்த்தாள். செம்மஞ்சள் வெளிச்சத்துக்குள் கரிய நிழல் அசையாமல் கிடந்தது. எந்தக் கணக்கும் எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் அதன் ஓரம் ஒருமுறை துடித்தது.

"உசுரு இருக்குடி" என்றாள்.

மச்சான் அடுத்த முட்டைக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்க. ஒங்க கை சில்லுனு இருக்கும்."

அவர் உள்ளங்கைகளை வேட்டியில் பரபரவென்று தேய்த்துவிட்டு, மறுபடி நீட்டினார்.