ஜீப்புக்குக் கால் அளவெடுத்தவர்

“வழியற்ற இடத்தில் வழி காண்பவர். சேற்றின் தோழர். ஆபத்து இவரைக் கண்டு ஒதுங்கும்.”

கரடுமுரடுப் பாதைகளில் வண்டி ஓட்டுவோரின் சங்கம் ஒன்று, தலைவர் கையொப்பமும் ரப்பர் முத்திரையும் வைத்து, புகழேந்திக்கு வழங்கிய உறுப்பினர் அட்டையில் இப்படி அச்சாகியிருக்கிறது.

சேற்றின் தோழர் மழைநாளில் கம்பெனி பஸ்ஸுக்குப் போகும்போது ஷூவைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார். பஸ்ஸில் உட்கார்ந்து காலைத் துடைத்த பிறகுதான் மாட்டுவார். ஆபத்து இவரைக் கண்டு ஒதுங்குகிறதா என்று யாரும் சோதித்ததில்லை. இவர் ஒதுங்குவதை மட்டும் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வேலூர் லாங் பஜாரில் எதிரே ஒரு கைவண்டி வந்தால் எஞ்சினையே அணைத்துவிட்டுக் காத்திருப்பார்.

இப்படிப்பட்டவர் மலையேறும் வண்டி வாங்கியதற்குக் காரணம் மலை அல்ல, ஓடை. கணியம்பாடிக்கு உட்புறம் அவர் மனைவி சௌந்தர்யா சாமந்தி பயிரிடுகிறார். எம்.காம். படித்துவிட்டு, வங்கி வேலை கிடைத்தும் போகாமல், பூ விவசாயத்துக்கு வந்தவர். நிலத்துக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் ஓடை. வருடம் முழுக்க அதில் ஆடு மேயும். ஆயுதபூஜை நெருங்கி, பூவுக்கு விலை வரும்போது பார்த்து அது சேறாகிவிடும். போன வருடம் லோடு ஆட்டோக்காரர் கரையில் நின்று ஒரு பார்வை பார்த்தார், பீடியைக் கீழே போட்டார், திரும்பிப் போய்விட்டார். மூட்டைக்குள்ளேயே பூ புழுங்கி அழுகியது. சௌந்தர்யா அழவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: “அடுத்த வருசமும் இப்படின்னா நெலத்த குத்தகைக்கு விட்டுட்டு நானும் உங்க கம்பெனிக்கே வந்துடறேன். ஷூவுக்கு லேஸ் கோத்துக்கினு உக்காந்திருக்கேன்.”

சொன்னால் செய்துவிடுகிறவர் என்பதால் புகழேந்தி பயந்துபோய் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். அதைத் தயாரித்தவர்கள் எஸ்யூவி என்கிறார்கள். கணியம்பாடியில் அது ஜீப்தான். கார்க் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. ஒரு ஸ்குரூகூட மாற்றியதில்லை. டயர் மட்டும் தேய்ந்திருந்தது. மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். பழையது 195 மில்லிமீட்டர் அகலம். அதையே வாங்குவதா, பெரிதாக வாங்குவதா என்ற கேள்வி எழுந்ததும் ஆலோசனை சொல்லச் சங்கம் திரண்டு வந்தது.

“தோஸ்த், 235 போடு,” என்றார் செந்தில்குமார். சங்கச் செயலாளர், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். “இந்தச் சின்ன டயர்ல உன் வண்டி பொம்ம மாரி கீது. போட்டோவுல நிக்க வைக்கவே வெக்கமா இருக்குது.”

வேலூரில் டயர் கடை வைத்திருக்கும் நவீத், விற்பனையாளருக்கு அழகில்லாத ஒரு காரியம் செய்தார். பெரியதை வேண்டாம் என்றார். “235 உங்க வண்டிக்கு ஜாஸ்திண்ணே. பிக்கப் கம்மியாய்டும். மீட்டர் அறுபதுன்னு காட்டும், நீங்க அதுக்கு மேல போய்க்கினு இருப்பீங்க. பின்னாடி தொங்குற ஸ்டெப்னி உறைக்குள்ளயும் போவாது. 215 போடுங்க, போதும்.”

“215க்கும் 195க்கும் இன்னா பாய் வித்தியாசம்? பாத்தா தெரியவே தெரியாது,” என்றார் புகழேந்தி.

“தெரியறதுக்கா வாங்குறீங்க?”

அதற்காகவும்தான் 235-ஐயே வாங்கினார். நவீத் சிரித்துவிட்டு, “மாட்டித் தர்றேன். சேறு படாம எடுத்துனு வந்தா திருப்பி எடுத்துக்கறேன்,” என்றார். திரும்பி வரும் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் புகழேந்தியைக் கண்மூடித்தனமாக வாங்குகிறவர் என்று சொல்ல முடியாது. ஆம்பூரில் ஓர் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் அவருக்கு வேலையே அளவு பார்ப்பதுதான். புது ஷூ எதுவாக இருந்தாலும், சரியான அளவுக் கால் உள்ள ஓர் ஆளைப் போட்டு நடக்கச் சொல்லி, கட்டைவிரலால் நுனியை அழுத்தி, “எங்க கடிக்குது?” என்று கேட்டு, புகழேந்தி சரி என்ற பிறகுதான் ஆயிரக்கணக்கில் தைப்பார்கள். இதில் அவருக்குப் பிடிவாதமான விதி ஒன்று உண்டு. காலையில் அளவு பார்க்க மாட்டார். “காலையில கால் பொய் சொல்லும். நாளெல்லாம் நின்னு வீங்கினப்புறம், சாயங்காலம்தான் உண்மை பேசும்,” என்பார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம்.

அதே முறையில் ஜீப்பையும் சோதித்தார். சக்கரத்துக்கு மேலிருக்கும் பிளாஸ்டிக் தடுப்பின் உட்புறம் முழுக்கச் சாக்பீஸ் பூசினார். டயர் எங்காவது உரசினால் அங்கே சாக்பீஸ் அழியும். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். சாக்பீஸ் அழியவில்லை. படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பதிலுக்குக் கைதட்டல்கள் வந்து குவிந்தன.

இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். ஜீப்பில் அவரைத் தவிர ஒரு தேங்காய்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்துச் சின்ன அறுவடை. மழை தொடங்கவில்லை, ஓடை காய்ந்து கிடந்தது. பின்னால் பூ மூட்டைகளும், மேலே பூ மூட்டைகளும், பின்னால் இருந்தவற்றுக்கு நடுவே பூப்பறிக்க வரும் கோவிந்தம்மாளும், முன்னால் சௌந்தர்யாவும். ஓடையைத் தாண்டி, சிறு பாலத்தின் ஓரமாய்த் தார்ச்சாலைக்குத் திரும்பும் இடத்தில் இடது சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கியது. கீழிருந்து கர்ரென்று ஒரு சத்தம்.

“இன்னா தம்பி, அடியில யாரோ மாவு அரைக்கிறாங்க?” என்றார் கோவிந்தம்மாள்.

புகழேந்தி இறங்கிக் குனிந்து பார்த்தார். சாக்பீஸ் அழிந்திருந்தது மட்டுமல்ல, பிளாஸ்டிக்கே ஒரு விரற்கடை கிழிந்து தொங்கியது. சௌந்தர்யாவும் இறங்கி வந்து பார்த்தார்.

“ஏங்க, சாயங்காலம்தான் கால் உண்மை பேசும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீங்க. உங்க ஜீப்புக்கு மட்டும் காலையில, வெறும் வயித்துல அளவெடுத்தீங்களாக்கும்?”

மார்க்கெட் வரை கோவிந்தம்மாள் ஒவ்வொரு திருப்பத்திலும் “அரைக்குது” என்று அறிவித்துக்கொண்டே வந்தார்.

செந்தில்குமாரிடம் இதற்குத் தீர்வு தயாராக இருந்தது. “அந்தப் பிளாஸ்டிக்க அறுத்துப் போடு தோஸ்த். எல்லாரும் அதான் பண்றாங்க. இதுக்குப் போய் பேஜாராவறியே.”

அன்று சாயங்காலம் புகழேந்தி தோல் வெட்டும் கத்தியோடு ஜீப்புக்கு அடியில் படுத்தார். நல்ல கத்தி, பிளாஸ்டிக் அதற்கு ஒரு பொருட்டல்ல. அறுத்தால் சங்கத்தில் மானம் தப்பும். ஆனால் முழு லோடோடு ஓடைப் பள்ளத்தில் இறங்கும்போது அதற்குப் பின்னாலிருக்கும் தகரத்தில் டயர் உரசிக் கிழிந்தால், ஆயுதபூஜைப் பூ சேற்றுக்கு நடுவில் நிற்கும். இருபது வருடமாக ஷூவைக் காலுக்கேற்பத் திருத்திச் சம்பளம் வாங்கியவர், ஷூவுக்காகக் காலை அறுக்கக் கத்தியோடு படுத்திருந்தார். அது அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். எழுந்து வந்து கத்தியைத் துடைத்து உறையில் வைத்தார்.

மறுநாள் சாயங்காலம், அதுவும் சாயங்காலம்தான், நவீத் கடைக்கு ஜீப் வந்தது. உள்ளே சௌந்தர்யா, கோவிந்தம்மாள், எட்டு மணல் மூட்டை.

“இன்னாண்ணே, டயர் மாத்த வந்தீங்களா, குடி மாற வந்தீங்களா?”

“215 மாட்டு பாய். எல்லாரையும் வச்சுக்கினே பாக்கணும்.”

கடை வாசலில் சாக்கடை மூடியின் விளிம்பில் இடது சக்கரத்தை ஏற்றி, வலது சக்கரத்தை ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, மறுபடியும் முதலிலிருந்து செய்தார். ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. புகழேந்தி ஒதுங்கவில்லை; அவர் வாழ்க்கையில் இது ஓர் அபூர்வம். ஒவ்வொரு தடவையும் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

“அரைக்குதா?” என்றார் உள்ளேயிருந்து கோவிந்தம்மாள்.

“இல்லக்கா.”

“அப்ப எறங்கவா? இடுப்பு ஒடியுது.”

235-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து டயர் வாங்கினார். ஐந்தாவது உறைக்குள் சிரமமில்லாமல் போனது. குழுவில் படம் போட்டதற்குச் செந்தில்குமாரிடமிருந்து ஒரே ஒரு பதில்: “டயர் எப்ப மாத்தப் போற?”

ஆயுதபூஜைக்கு இரண்டு நாள் முன்பு ராத்திரியெல்லாம் மழை. விடியும்போது ஓடை கூழாகக் கிடந்தது. போன வருடத்து லோடு ஆட்டோக்காரர் இந்த வருடமும் வந்தார். தார்ச்சாலையில் நிறுத்திவிட்டு, அதே மாதிரி ஒரு பார்வை பார்த்தார். சேற்றில் பிடிமானம் கிடைக்கப் புகழேந்தி டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினார். ஷூவைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்தார். வெறுங்காலோடு ஜீப்பை ஓட்டி, ஓடையின் குறுக்கே மூன்று நடை போய்வந்து, சௌந்தர்யாவின் சாமந்தி முழுவதையும் ஆட்டோவில் ஏற்றினார்.