பிள்ளை வயிற்றில் ஒரு கொட்டைப்பாக்கு

யுத்தம் தொடங்குவதற்கு மூன்று வருஷம் முந்திய ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அன்றும் இன்றும் என் தொழில். வீடு இலஞ்சியில். நான் அதிகம் பேசமாட்டேன். கூட்டாளிகள் என்னை ஊமையன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்போது என் மகன் பிறந்து ஐந்து வாரம். மூன்றாம் வாரத்திலிருந்து குடித்த பாலையெல்லாம் கக்கினான். மற்றப் பிள்ளைகளுக்குப் போல வாயோரம் வழியாது. பீச்சியடித்து எட்டப் போய் விழும். உடனே பசித்து அழுவான். உடம்பு வற்றி, முகம் கிழவன் முகமாகிவிட்டது. தூக்கும்போது பிசகி உரம் விழுந்திருக்கும் என்று பக்கத்து வீட்டு மதினி அவனைச் சேலையில் போட்டு மூன்று நாள் உருட்டி எடுத்தாள். நிற்கவில்லை.

மூத்த பிள்ளையும் இப்படிக் கக்கிக் கக்கித்தான் நாற்பதாம் நாள் போனான். அதனால் என் மனைவி பால் கொடுக்கும்போதே அழுவாள். அவளிடமும் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. பிள்ளை கக்கி ஓய்ந்ததும் விளக்கெண்ணெய் தொட்டு வயிற்றைத் தடவிவிடுவேன். தொப்புளுக்கு மேலே, வலது பக்கம், சின்னக் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று விரலுக்கடியில் வழுக்கும். சற்று நேரத்தில் காணாமல் போய்விடும். மூத்தவனுக்கும் அது இருந்தது. பிள்ளைகளைப் பார்த்த நாட்டு வைத்தியரே சொல்லாததை நான் என்ன சொல்வது என்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சீசனுக்கு வந்திருந்த ஒரு டாக்டர் தினமும் என்னிடமே எண்ணெய் தேய்த்துக்கொள்வார். ஒருநாள், “என்னவே, இன்னைக்கு உம்ம கை இங்க இல்லியே. எங்க விட்டுட்டு வந்தீரு?” என்றார்.

பக்கத்தில் இன்னொருவருக்குத் தேய்த்துக்கொண்டிருந்த கூட்டாளிதான் சொன்னான். “இவன் காலுல பாம்பு ஏறுனாக்கூட வாயத் தெறக்க மாட்டான் ஐயா. இவன் பிள்ள பாலப் பூரா கக்குதான்.”

டாக்டர் அவசரமாக ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, குதிரை வண்டி பிடித்து என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பால் கொடுக்கச் சொல்லி, பிள்ளையின் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றில் இடமிருந்து வலமாக ஓர் அலை உருண்டு போயிற்று. மறு நிமிஷம் பால் அவருடைய வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. என் மனைவி பதறிவிட்டாள்.

“இருக்கட்டும் தாயி. குத்தாலத்துக்கு நனையத்தான வந்தேன்” என்றார்.

பிறகு வயிற்றை வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். பிள்ளை வீறிட்டான். “சந்தேகமாத்தான் இருக்கு. ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படணும். தட்டுப்பட்டா இப்பமே ஆப்பரேசனுக்கு அனுப்பிருவேன். இல்லன்னா ரெண்டு நாள் பார்ப்போம்.”

அந்த இரண்டு நாளைக்குப் பிள்ளை தாங்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் நாக்கு அப்போதே உலர்ந்துபோயிருந்தது.

“அது இருக்குங்கய்யா” என்றேன். “கக்குனதும் கொஞ்ச நேரம் இருக்கும். இங்கன.”

“தொட்டுக் காட்டும்வே.”

விரலில் எண்ணெய் தொட்டு, எப்போதும் போல மெதுவாகத் தடவினேன். பிள்ளை அழுகையை நிறுத்தினான். கொட்டைப்பாக்கு அகப்பட்டது. நான் விரலை எடுக்கவில்லை. அவர் தம் விரலை என் விரலுக்கடியில் நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இதேதான். யாருட்டயும் சொல்லலியா நீரு?”

“மூத்தவனுக்கும் இருந்துதுங்கய்யா.”

அவர் என் தோளைத் தொட்டார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

இரைப்பையின் வாசலில் சதை தடித்து வழியை அடைத்திருக்கிறது, அதைக் கீறிவிட்டால் வழி திறக்கும், அபூர்வமாகத்தான் இப்படி வரும் என்று விளக்கிக் கடிதம் கொடுத்தார். அன்றே தென்காசியில் ரயில் ஏறினோம். மனைவி என்ன சொல்வாளோ என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே, “அப்பம் சொல்லியிருந்தாலும் கேக்கதுக்கு நமக்கு யாரு இருந்தா? இவனப் பிடிங்க, கை வலிக்கு” என்றாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் முதலில் தொடையில் உப்புத் தண்ணீர் ஏற்றிப் பிள்ளையைத் தேற்றினார்கள். மறுநாள் ஆப்பரேஷன். அதற்குப் பிறகு முதலில் ஒரு கரண்டி சீனித் தண்ணீர், பிறகு கரண்டி கரண்டியாகப் பால். கக்கினால் துடைக்க என் மனைவி தோளில் துணி போட்டிருந்தாள். சாயங்காலம் வரை அந்தத் துணி நனையவே இல்லை. அவள் அதை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். தேய்த்துவிடும்போது யார் உடம்பிலாவது ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டால், கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குனிந்து அவர் காதில் சொல்லிவிடுகிறேன். சொல்லும் ஒவ்வொரு தடவையும், மூத்தவனுக்காகச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது சொல்கிறேன் என்று தோன்றும்.