அணைக்காத மெஷினும் கேட்கப்பட்ட ஜெபமும்

சபையாருக்கு என் வந்தனம். பேசிப் பேசி விற்பதுதான் என் தொழில். ஆனாலும் உங்கள் முன்னால் நின்று இதைச் சொல்ல நாக்கு தயங்குகிறது.

யுத்த காலம், ஆனி மாதம். தீயணைக்கும் மெஷின், இரும்புப் பெட்டி, பூட்டு விற்கும் மதுரைக் கம்பெனி ஒன்றுக்குத் தூத்துக்குடியில் நான்தான் ஆள். துறைமுகத்தை ஒட்டி, சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கிகளில் படி ஏறி இறங்கியதுதான் மிச்சம். தீ என்று வாய் திறந்தாலே அபசகுனம் என்று முகத்தைச் சுளிப்பார்கள். இந்த மாதமும் ஆர்டர் இல்லையென்றால் வேலை இல்லை என்று மானேஜர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் கைக்குழந்தை. உடைந்துபோனேன். "கர்த்தாவே, ஒரு ஆர்டர் தாரும்" என்று காலையும் மாலையும் முழங்காலில் நின்றேன். வேறெதையும் கேட்கவில்லை.

கடைசியில் பஞ்சு வியாபாரி சிவசாமி அண்ணாச்சி, மெஷினை இயக்கிக் காட்டச் சொன்னார். அதற்கு நாங்களே தகரத் தட்டில் கழிவுப் பஞ்சைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, அணைத்துக் காட்டவேண்டும். மண்ணெண்ணெயோ ரேஷன்.

"விளக்குக்கே இல்ல. இதை ஊரான் முற்றத்துல கொளுத்தப் போறியளாக்கும்?" என்றாள் என் மனைவி. ஆனாலும் புட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

நடுப்பகலில் கிட்டங்கி முற்றத்தில் கொளுத்தினேன். மெஷினைத் தலைகீழாகப் பிடித்துக் குமிழைத் தட்டினேன். இரண்டு சொட்டு வந்தது. ஓங்கித் தட்டினேன். அதுவும் இல்லை. உப்புக் காற்றில், நீர் பீய்ச்சும் அதன் மூக்கு துருப்பிடித்து அடைத்திருந்தது. அந்நேரம் பார்த்து மேற்கேயிருந்து மேல்காற்று வீசியது. எரிகிற பஞ்சு தட்டைவிட்டுக் கிளம்பி, வாசலருகே அடுக்கியிருந்த பஞ்சுப் பொதிகளின்மேல் விழுந்தது. கிட்டங்கிக்குள் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"ஆண்டவரே, இந்த ஜனங்களைக் காப்பாற்றும்" என்று வாய்விட்டுக் கத்தினேன். ஆர்டர் நினைவே இல்லை.

வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து ஓடிவந்தார்கள். "ஏளா, மண்ணை அள்ளிப் போடுங்கட்டி!" என்று ஒருத்தி குரல் கொடுக்க, ஓலைப்பெட்டிகளில் முற்றத்து மணலை வாரிக் கொட்டினார்கள். நானும் வெறுங்கையால் வாரினேன். காற்றும் சட்டென்று விழுந்து அடங்கியது. ஒரு பொதியும் இரண்டு ஓலைப்பெட்டியும் கருகியதோடு தீ நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. தற்செயல் என்பவர்கள் சொல்லட்டும். ஆனி மாத மேல்காற்று நடுப்பகலில் விழாது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அண்ணாச்சி மெஷினைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"ஏன் வே, தீயை அணைக்க வந்தீரா, வைக்க வந்தீரா? ரெண்டு ஓலைப்பெட்டியும் கருகிட்டு. உம்ம கம்பெனியில தகர வாளி உண்டுமா?"

"உண்டு அண்ணாச்சி."

"மணல் இங்கன சும்மா கிடக்கு. எல்லாக் கிட்டங்கியிலயும் வரிசையா வாளி மாட்டிக் கொடும். இந்த மெஷினை மட்டும் என் கண்ணுல காட்டிராதேயும்."

அதுதான் என் முதல் ஆர்டர். வேலை நிலைத்தது. பிற்பாடு மெஷினும் விற்றேன், மூக்கைச் சோதிக்காமல் தீக்குச்சியைத் தொடுவதில்லை.

பிரியமானவர்களே, மாதம் முழுக்க எனக்காகக் கேட்டேன். பிறருக்காகக் கேட்டது அந்த ஒரு நிமிஷம்தான். கர்த்தர் இரண்டையும் தந்தார். இப்போது எந்தக் கிட்டங்கி வாசலை மிதிக்குமுன்னும், இங்கே தீ வரவேண்டாம் என்றுதான் ஜெபிக்கிறேன். "தீயே வரலன்னா உங்க மெஷினை யாரு வாங்குவா?" என்று மனைவி கேலி செய்கிறாள். வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.