ஓரத்தை முதலில் பார்ப்பவள்

என் தங்கை மாதவி கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் டாக்டர். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்றவன். பந்திங்கில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். "படம் எடுக்குற பிள்ளையா?" என்று யாராவது கேட்டால், "எடுக்குறது இல்ல, படிக்கிறது" என்று திருத்தாமல் விடமாட்டேன்.

எலும்பில் கட்டி என்றால் முதலில் வயதைக் கேட்பாள். படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கட்டியின் ஓரத்தைப் பார்ப்பாள். பென்சிலால் வரைந்ததுபோல் மெல்லிய வெள்ளைக் கோடு சுற்றியிருந்தால், அது மெதுவாக வளர்ந்த கட்டி. எலும்புக்கு வேலி போட நேரம் கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் சாது. கட்டி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கலங்கியிருந்தால் பயப்பட வேண்டும். இப்படி நான் எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் 'பெரும்பாலும்' மட்டும் எடுத்துடாதண்ணே" என்றாள்.

என் கூட்டாளி கன்னையா கேரி தீவு தோட்டத்தில் வேலை செய்கிறான். அவன் மகள் சீதாலெட்சுமி பள்ளியில் நெட்பால் ஆடுபவள். முழங்காலுக்கு மேலே வீங்கியது. எங்கள் பக்கத்தில் சுளுக்கு என்றால் முதலில் உருவத்தான் போவோம். தெலுக் பங்லிமா காராங்கில் சுளுக்கு உருவிவிடும் தம்புசாமி இரண்டு தடவை எண்ணெய் போட்டு உருவினார். வீக்கம் கூடியது. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதவி என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கன்னையா படத்தோடு வந்தான்.

"டாக்டரம்மா, இத கொஞ்சம் பாரும்மா. நாளைக்கு மூணாவது உருவல். அத முடிச்சிட்டு ஆஸ்பத்திரி போலாம்லா?"

கை கழுவிவிட்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ராத்திரியில வலிக்குதா?"

"தூங்கவே மாட்டேங்குது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உன் கால் படம் எங்க?"

வாலிபத்தில் லோரியிலிருந்து விழுந்தபோது எடுத்த படம். எலும்பு உடையவில்லை, கணுக்காலுக்கு மேலே ஒரு சாதுவான கட்டி தற்செயலாகத் தெரிந்தது. உறையோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் அருகருகே பிடித்தாள்.

"இது அண்ணனோடது. கோடு தெரியுதா? இது பாப்பாவோடது. இதுல கோடு எங்க, காட்டுங்க."

கன்னையா விரலால் தேடினான். கிடைக்கவில்லை.

"கட்டி எலும்போட மேல்தோலையும் தூக்கிட்டு நிக்குது பாருங்க."

"கேன்சரா?"

"படம் சந்தேகத்தத்தான் சொல்லும். எம்.ஆர்.ஐ. எடுத்து, அப்புறம் ஊசியால துணுக்கு எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதி. ஆனா இனிமே அந்தக் கால்ல யாரும் கை வச்சி அமுக்கக் கூடாது."

கன்னையா படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "நான்தானே உருவ விட்டேன்..."

"உருவுனதால வந்தது இல்லண்ணே. விளையாடுற பிள்ள, யாரா இருந்தாலும் சுளுக்குன்னுதான் நெனப்பாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா? இப்ப அதச் சொல்லுங்க."

அவன் அங்கேயே தம்புசாமிக்குப் போன் போட்டான். "அண்ணே, நாளைக்கு வரல."

"பாதியில விட்டா கால் கோணிக்கும்டா!" அந்தப் பக்கத்துச் சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"கோணட்டும்ண்ணே. கால் இருந்தாப் போதும்."

சோதனையில் புற்றுநோய் என்றே வந்தது. கோலாலம்பூரில் கீமோ கொடுத்தார்கள். பிறகு கெட்ட எலும்பை வெட்டி எடுத்து உலோக மூட்டு வைத்தார்கள். காலை எடுக்க வேண்டி வரவில்லை. முழங்கால் முழுதாக மடங்குவதில்லை. இனி நெட்பால் கிடையாது என்றதும் சீதாலெட்சுமி மாதவியோடும் கோபித்துக்கொண்டாள்.

இந்த நோய் நுரையீரலுக்குப் போகக்கூடும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்கிறார்கள். போன தடவை சுத்தமாக இருந்தது. "அப்ப சரியாயிடுச்சா?" என்று கன்னையா கேட்டான்.

"இந்தப் படம் சரியா இருக்குண்ணே. அடுத்ததையும் பாப்போம்" என்றாள் மாதவி.

அடுத்த ஸ்கேன் தீபாவளிக்கு முன்னால். சீதாலெட்சுமியைக் கூட்டிப்போக நான் லீவு சொல்லிவிட்டேன். சக்கர நாற்காலி வேண்டாமாம்; கார் நிறுத்துமிடத்திலிருந்து தானே நடந்து வருவாளாம்.