நூற்றியொரு தேங்காயும் அண்ணனின் வலக்கையும்

இதை எழுதக் காகிதம் எடுத்து, எழுதாமலே மடித்து வைத்த வருஷங்கள் பல. வெட்கம்தான் காரணம். இன்று பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணனுக்குச் சாலையில் புகையிலைக் கடை. விற்பது பாதி, அவரே சுருட்டாக ஊதுவது பாதி என்று தெருவில் கேலி செய்வார்கள். ஓயாமல் இருமுவார், அதை யாரும் நோயாக எண்ணவில்லை. ஒரு மழைக்காலம் கழிந்ததும், வலது தோளுக்குக் கீழே நாய் கடித்துக் குதறுவதுபோல் வலிக்கிறது என்றார். எண்ணெய் தடவினோம், ஒத்தடம் கொடுத்தோம். அடங்கவில்லை.

எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். பிள்ளை பிறந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காய் எறிந்து உடைப்பதாக அவர் நேர்ந்திருந்தார். பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் செய்யவில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி நேர்ந்தவர் கையால்தான் உடைக்க வேண்டும். வேறு கை பட்டால் நேர்ச்சை சாமிக்குச் சேராது. நேர்ந்த கைதான் நோகிறது என்று அடித்துச் சொன்னேன். கை தேறட்டும் என்று மதினி மன்றாடியும் கேட்கவில்லை.

"கை தூக்க மாட்டேங்குலே. சாமி கோவிச்சுக்கிடாது, நீதான் கோவிச்சுக்கிடுத," என்றார் அண்ணன்.

அந்தக் கையையே பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

பல்லைக் கடித்து ஒவ்வொன்றாக எறிந்தார். சில தேங்காய் உடையாமல் உருண்டன. எடுத்து மறுபடி எறிய வைத்தேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பதினேழாவதை ஓங்கியபோது படாரென்று சத்தம். தேங்காய் கையை விட்டுப் போகவே இல்லை. ஒடிந்தது எலும்பு. கை துணிபோலத் தொங்க, கீழே விழுந்து அலறினார்.

தெய்வம் கண்முன்னே தண்டித்துவிட்டது என்று எனக்கு வெறி ஏறியது. அவர் மார்பில் உட்கார்ந்து, என்னலே பாவம் செஞ்ச என்று மூத்தவரை ஏலே போட்டுக் கேட்டு, வாயில் ஓங்கி அறைந்தேன். அவர் இருமினார். ரத்தம் கொப்பளித்து என் முகத்தில் தெறித்தது. நாலு பேர் என்னைப் பிய்த்தெடுத்து, சிதறிக் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகள்மேல் தள்ளி உதைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் மதினி ஒன்றே ஒன்று சொன்னார். "கொழுந்தனாரே, இவுக போயிட்டா கொன்னது நீங்கதான்."

மலையாளி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரலில் கட்டி. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள துணுக்குகள் பிய்ந்து ரத்தத்தில் விழுந்து ஓடுமாம். பெரும்பாலானவை ஓட்டத்திலேயே செத்துப்போகும். தப்பிய ஒன்றிரண்டு எலும்பில் ஒதுங்கினால், அங்கே இன்னொரு கட்டியாக வளர்ந்து எலும்பைத் தின்னும். அண்ணன் கை எலும்பு உளுத்த மூங்கில்போல் இருந்தது. வாயில் வந்த ரத்தமும் நுரையீரலிலிருந்துதான் என்றார்.

நான் இழுத்ததிலும் அடித்ததிலும்தான் பரவியதா என்று டாக்டரின் காலைப் பிடித்துக் கேட்டேன்.

"அது மாசங்களுக்கு முந்தியே ரத்தத்தில எறங்கியாச்சு. எலும்பு இன்னைக்கில்லேன்னா நாளைக்கு ஒடியும், கேட்டோ," என்றவர், குனிந்து என்னைப் பார்த்தார். "பக்ஷே, அடிச்சது நிங்கள்தான்."

பிறகு அண்ணனுக்கு விலாவிலும் மண்டையிலும் புடைத்தது. புரண்டு படுத்தாலே எலும்பு நொறுங்கிக் கத்துவார். மன்னிப்புக் கேட்டேன். "மிச்சம் எம்பத்தஞ்ச நீ ஒடச்சிரு. கைய மட்டும் பாத்துக்கலே," என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

எண்பத்தைந்தையும் நானே உடைத்தேன். சேர்ந்ததா என்பது பிள்ளையாருக்குத்தான் தெரியும். டாக்டர் சொன்னதை மதினியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

தெருவில் இதைச் சாமி குத்தம் என்று சொல்கிறார்கள். சொந்தக்காரர்களோ எனக்காக இரங்கி, நான் அறைந்ததை விட்டுவிடுகிறார்கள். படிப்பவர்கள் யாருக்காவது சொல்வதானால், கையை ஒடித்தது ரத்தத்தில் வந்த நோய் என்பதையும், வாயில் விழுந்த அடி என்னுடையது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.