ஆந்தைக்கு வந்த அரசாங்க வீடு

எங்கள் குடும்பத்துக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த முதல் வீடு ஓர் ஆந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. கோலா சிலாங்கூருக்கு வடக்கே, பெரிய தோட்டம் ஒன்றை ஒட்டி அப்பாவுக்கு எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மூன்று ஏக்கர் இருந்தது. நிலத்தின் ஓரத்திலேயே எங்கள் பலகை வீடு. குலை பழுத்தால் எங்களுக்கு முன்னால் எலிகள் ருசி பார்த்துவிடும். அப்பா ஆலை லோரி ஓட்டிக்கொண்டிருந்ததால் எலி மருந்து வைப்பது அம்மாவின் வேலை. மாதம் ஒருமுறை ஒரு வாளி நிறைய நீலக் கட்டிகளைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் வைத்துக்கொண்டே போவாள். நான் பின்னால் போகக்கூடாது என்று கட்டளை. போவேன்.

அந்த ஆண்டு அம்மா வயிற்று வலி என்று சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள். வந்த மறுவாரம் அப்பா, இனிமேல் எலி மருந்தே வேண்டாம் என்றார். விவசாய இலாகாவில் ஒரு திட்டம் வந்திருந்தது. மண்ணையும் பறவையையும் கெடுக்காமல் விவசாயம் செய்பவர்களுக்கு உதவி. விஷத்தைக் கைவிடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால், எலி தின்னும் ஆந்தை தங்குவதற்கு இரும்புத் தூண் நட்டு, அதன் உச்சியில் ஒரு மரப்பெட்டி வைத்துத் தருவார்கள். ஆறு மாதம் கழித்து அதிகாரி வந்து பார்ப்பார். ஆந்தை குடிவந்திருந்தால் இயற்கை உரமும் இன்னொரு பெட்டியும் உண்டு. வரவில்லையென்றால் பெட்டியைக் கழற்றி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நாங்கள் பழையபடி நீலக் கட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கலும்பாங்கிலிருந்து வந்திருந்த மாமா அந்தத் தூணை அண்ணாந்து பார்த்துச் சிரியோ சிரி என்று சிரித்தார். "நாம வீட்டுக்கு மனு போட்டு எத்தன வருசம் ஆச்சு மச்சான்? ஆந்தைக்கு ரெண்டே மாசத்துல வந்திருச்சு பாத்தீங்களா! அடுத்த வாட்டி ஆந்தை பேர்லயே போடுங்கலா!"

அம்மா சிரிக்கவில்லை. "எல்லாரும் ஆந்தைய வெரட்டுவாங்க. நீங்க பெட்டி கட்டிக் கூப்புடுறீங்க," என்றாள்.

"ஒன்னும் ஆகாதுலா. அதுவும் பறவைதானே," என்றார் அப்பா. அம்மா எழுந்து சாமி மேடைக்கு விளக்கேற்றப் போய்விட்டாள்.

நான்காவது மாதம் ஒரு பொழுது சாயும் நேரத்தில் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளை முகம் எட்டிப் பார்த்தது. ஆப்பிளை இரண்டாக நறுக்கி நிறுத்தியது போன்ற முகம். எனக்குப் பயம் வரவில்லை, கேள்விகள்தான் வந்தன. எலியை முழுசாக விழுங்கினால் எலும்பெல்லாம் எங்கே போகும்? அப்பாவைக் கேட்டேன். டீச்சரைக் கேள் என்றார். டீச்சரைக் கேட்டேன். அப்பாவைக் கேள் என்றார்.

விடை தூணடியிலேயே கிடந்தது. கட்டைவிரல் அளவில் கறுப்புக் கறுப்பாக உருண்டைகள். கொண்டை ஊசியால் பிரித்தால் எலி முடி, முடிக்குள்ளே குச்சி குச்சியாக எலும்பு, நடுவில் மஞ்சள் பல்லோடு ஒரு மண்டையோடு. செரிக்காததையெல்லாம் ஆந்தை சுருட்டித் துப்பிவிடுகிறது என்று நானே கண்டுபிடித்தேன். உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது நான்தான் என்றும் நம்பினேன்.

அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா என் கையில் ஈர்க்கு விளக்குமாற்றைக் கொடுத்தாள். "பெகாவாய் வராங்க. தெனமும் தூணடியக் கூட்டு. ஒரு குப்ப இருக்கக் கூடாது. கூட்டுனத வாய்க்கால்ல கொட்டிரு." எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கூத்து உண்டு. தலைமையாசிரியர் ஒருமுறை வந்தபோது கோழிக்கூண்டைக்கூடக் கழுவினாள். அதனால் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. தூணில் வழிந்திருந்த எச்சத்தை அவளே துணி நனைத்துத் துடைத்தாள். கடைசி நாள் காலையில் தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலமும் போட்டாள். ஆந்தைக்குக் கோலம் போட்ட வீடு சிலாங்கூரிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் சொன்னபடி கூட்டினேன். ஆனால் வாய்க்காலில் கொட்ட மனம் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு ஒளித்து வைத்தேன்.

அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மாள். தூணைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், கோலத்தை மிதிக்காமல் தாண்டி மறுபடி சுற்றினார். பிறகு "கோசோங்," என்றார். காலி. உள்ளே குஞ்சு இருந்தால் பெட்டியைத் திறப்பது ஆபத்து, அதனால் தரையைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம், தரையில் ஒன்றுமே இல்லையே என்று மலாயில் விளக்கினார். நானே என் கண்ணால் பார்த்தேன் புவான் என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரலில் அப்பா யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய் டின்னைக் கொண்டுவந்து கோலத்தின்மேலேயே கொட்டினேன். அந்த அம்மாள் சட்டென்று குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் மண்டையோடுகளை எண்ண ஆரம்பித்தார். பத்தொன்பது. பிரிக்காத உருண்டைகள் தனி. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

பெட்டி தங்கியது. இரண்டாவதும் வந்தது. அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பிஸ்கட் டின்னை நாறடித்துவிட்ட கோபம் என்று நினைத்து, மூன்று முறை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த ஆண்டு தம்பி பிறந்தான். அவனுக்கு முன்னால் ஒரு பிள்ளை தங்காமல் போனதையும், ஆஸ்பத்திரிக்குப் போன வயிற்று வலி அதுதான் என்பதையும் நான் வளர்ந்த பிறகுதான் சொன்னார்கள். அம்மா தூக்கிப் போன மருந்து வாளியின் மேல் அப்பாவுக்குச் சந்தேகம். அந்த வாரம் கூரைமேல் அலறிய ஆந்தையின் மேல் அம்மாவுக்கு. இருவரும் ஒருவரிடம் ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அதிகாரி வந்த அன்று அம்மாவுக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருந்தது.

அது ஒன்றும் தெரியாமல், என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சி அந்த அதிகாரி அன்று பரிசாகக் கொடுத்த நான்கு நிறப் பேனாவை எடுத்துக்கொண்டு, நான் முதலில் அம்மாவிடம்தான் ஓடினேன்.