வரப்புக்கு அந்தப் பக்கம் போன சீனப் பெயர்

எனக்கு ஒரு சீனப் பெயர் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் மூன்றாவதாக ஒருத்தன் எடுத்து வைத்துக்கொள்வான். இரண்டாவது ஆளையே என்னால் தாங்க முடியவில்லை.

சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியில் வெல்டராக இருந்தேன். எங்கள் ஃபோர்மேன் ஒரு சீனர். முதல் நாள் என் பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உன் பேரு ரயில் மாதிரி போகுது. நான் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நீ சாரத்துலேர்ந்து விழுந்துடுவே" என்றார். சுண்டினால் தெறிக்கிற மாதிரி சின்னதாக ஒரு பெயர் வைத்தார்.

அது லேசுப்பட்ட பெயர் இல்லை. டீ நேரத்தில் அவரே சொன்னார். மேசைப்பந்து சாம்பியன் ஒருத்தருக்கு அந்தப் பெயர். சண்டைப் பட வில்லன் ஒருத்தருக்கும் அதே. ராஜா காலத்தில் பரீட்சை எழுதி மந்திரியான ஏழைப் பிள்ளைக்கும் அதே. "நீ நாலாவது" என்றார். ரூமுக்குப் போய் போனில் தேடினேன். பாட்டுப் பாடுகிற ஒரு பெண், பாலம் கட்டிய எஞ்சினியர் என்று இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். அத்தனை முகத்தையும் பார்த்தேன், ஒருத்தர் மேலும் வயிறு எரியவில்லை. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் நமக்கும் ஒரு இலை போட்ட மாதிரி இருந்தது.

ஒரு பெயருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று கேட்பீர்கள். எனக்கு வைத்தது தாத்தா பெயர். எங்கள் பக்கம் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். அதனால் என் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "சாமி", "ராசா", கோபம் வந்தால் "ஏ எருமை". கல்யாணமான பிறகு "என்னங்க". ஊருக்கு நான் "வெல்டரு". வாத்தியார் ஆஜர் எடுத்ததோடு என் பெயரின் வேலை முடிந்துவிட்டது. ஒரு மனுஷர் தூரத்தில் நின்று வாய் நிறையக் கூப்பிட்டு நான் திரும்பிப் பார்த்தது சிங்கப்பூரில்தான்.

என் சித்தப்பா மகனுக்கும் அதே தாத்தா பெயர். மூத்த மகனுக்கு வைப்பது இரண்டு வீட்டிலும் வழக்கம். நான் திரும்பி வந்து திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வயலில் இறங்கியதும், அதே கம்பெனிக்கு அவன் போனான். நான்தான் சொல்லி அனுப்பினேன். பங்காளி ஆனாலும் தம்பிதானே.

போன தையில் லீவில் வந்திருந்தான். சம்பா அறுவடை, மிஷினுக்காக இரண்டு பேரும் காத்திருந்தோம். அவன் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தான். போனுக்குள்ளிருந்து என் சீனப் பெயர் கேட்டது. ஃபோர்மேனின் அதே குரல். "பாஸ்!" என்று கத்திவிட்டேன். அதே நேரம் அவனும், "எஸ் பாஸ்!"

அவன் பேசி முடித்ததும் கேட்டேன். "உன்னை ஏண்டா அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடுறாரு?"

"என் பேருண்ணே. சேர்ந்த அன்னிக்கே வச்சாரு. பாஸ்போர்ட்டைப் பார்த்தாரு, இந்தத் தமிழ்ப் பேருக்கு எங்க சீனப் பேரு இதுதான்னுட்டாரு. மேசைப்பந்து சாம்பியனுக்கும் இதே பேருதானாம்ணே!"

"தெரியும்டா."

சாம்பியன் வைத்திருக்கட்டும், மந்திரி வைத்திருக்கட்டும். அவர்களுக்கும் எனக்கும் பொது வாய்க்கால் கிடையாது. பங்காளிக் காய்ச்சலுக்கு மாத்திரை இல்லை என்று எங்கள் டீக்கடைக்காரர் சொல்வார். சும்மா சொல்லவில்லை அவர்.

அடுத்ததாக ஒரு இடியையும் அவனே இறக்கினான். ஃபோர்மேன் ரிட்டயர் ஆகிவிட்டாராம். அடுத்த வாரம் மகளோடு தாராசுரம் கோயில் பார்க்க வருகிறாராம். "மதியச் சாப்பாடு நம்ம வீட்டுலண்ணே. நீங்களும் அண்ணியும் வந்துடுங்க."

நம்ம வீடு என்றால் அவன் வீடு. நான் போகப்போவதில்லை என்று வீட்டில் சொன்னேன்.

என் வீட்டுக்காரி சிரித்தாள். "வரப்பை வெட்டிட்டான்னு சண்டை போடுவாங்க. பேரை வெட்டிட்டான்னு சண்டை போடுற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். போகாம இருங்க, அவரு உங்களைச் சுத்தமா மறந்துட்டுப் போகட்டும்."

அது சுட்டது. அதைத்தானே நான் ராத்திரி பகலாகப் பயந்துகொண்டிருந்தேன்.

போனேன். தம்பி வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. இறங்கினதும் அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஓடினோம். தம்பி முந்திக்கொண்டு கையைப் பிடித்துவிட்டான். அவர் என்னைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். அப்புறம், "ஹெல்மெட்டுல எலுமிச்சம்பழம் கட்டின ஆளு!" என்று சிரித்தார். திருஷ்டிக்குக் கட்டியிருந்தேன். ஞாபகம் வைத்திருக்கிறார்!

இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா பெயர் என்று தம்பி விளக்கினான். ஃபோர்மேன் மகளுக்கு ஆச்சரியம். அவர்கள் வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தால் அது மரியாதைக் குறைச்சலாம். ஃபோர்மேன் யோசித்துவிட்டுப் பெயருக்கு முன்னால் 'பெரிய', 'சின்ன' என்று சீனத்தில் சேர்த்தார். நான் பெரியவன். என்னைச் சொல்லும்போது தலையை லேசாகத் தாழ்த்தினார். தம்பியைச் சொல்லும்போது முதுகில் தட்டினார். மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு முதுகுதான் அரித்தது.

பங்காளி வீட்டு விருந்தில் நாம் பரிமாறத்தான் வேண்டும். தம்பி கையில் சாம்பார் வாளி, என் கையில் ரச வாளி. பாதிச் சாப்பாட்டில் அவர் தலை நிமிர்ந்து கூப்பிட்டார். பெரியவும் இல்லை, சின்னவும் இல்லை, வெறும் பெயர். இரண்டு வாளியும் ஒரே நேரத்தில் அவர் இலை முன்னால் வந்து நின்றன.

அவர் என் வாளியைக் காட்டினார்.

ஊற்றினேன். எங்கள் ஆட்களைப் பார்த்து அவரும் உள்ளங்கையைக் குவித்து வாங்கிக் குடித்தார். "ரொம்ப நல்லா இருக்கு. நீயா வச்சே?"

வைத்தது தம்பி பெண்சாதி. அடுப்படி வாசலில்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் விட்டுக்குங்க பாஸ்" என்றேன்.